பழைய ஜீப்புக்கு எந்த புஷ் பொருத்தம்?

கேள்வி: ''எங்கள் வீட்டில் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று பல வருடங்களாகக் கொட்டகையில் நிற்கிறது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றிச் சரிசெய்து வருகிறான். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. கமான் பட்டைகளில் உள்ள புஷ் எல்லாமே தேய்ந்து, வெடித்துப் போயிருக்கின்றன. மெக்கானிக், ரப்பர் புஷ் போதும் என்கிறார். மகன், பாலியூரித்தேன் புஷ்தான் உழைக்கும் என்கிறான். லேத் பட்டறைக்காரர், நைலானில் கடைந்து தருகிறேன் என்கிறார். தோட்டத்துத் தக்காளியை ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோகவும், குடும்பத்தோடு கிருஷ்ணகிரி வரை போய்வரவும் வண்டி வேண்டும். எதைப் போடுவது?''

- கெலமங்கலம் பகுதி வாசகர்

பதில்: வண்டியின் பயன்பாடு காய்கறிப் பெட்டிகளும் குடும்பப் பயணமும்தான் என்பதால், கம்பெனி அளவிலேயே வரும் தரமான ரப்பர் புஷ்தான் பொருத்தம். நைலான் வேண்டவே வேண்டாம். பாலியூரித்தேன் கெட்ட பொருள் அல்ல. ஆனால், அது வேறு வேலைக்கானது. எந்த புஷ் வாங்கினாலும், அதை எப்படி முறுக்குகிறோம் என்பதில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

புஷ் செய்யும் வேலை என்ன?

மாட்டு வண்டியில் சக்கரத்தின் குடத்துக்கும் அச்சுக்கும் இடையில் வண்டி மை போடுவது எல்லோருக்கும் தெரியும். அங்கே இரும்பின் மேல் இரும்பு சுற்றுகிறது. அதனால், மை வேண்டும். ரப்பர் புஷ்ஷின் கதை வேறு. அதன் உள்ளே ஓர் இரும்புக் குழல். அதைச் சுற்றி ரப்பர். பல புஷ்களில் வெளியேயும் ஒரு குழல் இருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பட்டை மேலும் கீழும் போகும்போது எதுவும் எதன் மீதும் உரசாது. நடுவில் உள்ள ரப்பர் மட்டும் முறுங்கி, மீண்டும் பழைய நிலைக்கு வரும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'சைலன்ட் பிளாக்' என்கிறார்கள். உரசல் இல்லை, அதனால் சத்தமும் இல்லை, எண்ணெயும் வேண்டாம்.

பாரம் ஏறியதும் கமான் பட்டை நிமிர்கிறது. நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஷாக்கிள் வைத்திருக்கிறார்கள். அது முன்னும் பின்னும் ஆடும். மறுமுனை சேஸிஸோடு பிணைந்து, ஆக்ஸிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. ஆக, கமான் பட்டை வண்டிகளில் அச்சு நேராக நிற்பதற்கே இந்த புஷ்கள்தான் பொறுப்பு.

ஒரு பக்க புஷ் தேய்ந்து இடைவெளி விட்டால், அந்தப் பக்கம் அச்சு சிறிது முன்னோ பின்னோ நகரும். நேர்ச்சாலையில் வண்டி மெள்ள ஒரு பக்கமாக ஒதுங்கும். பிரேக் பிடிக்கும்போது திடீரென இழுக்கும். தோட்டத்துப் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சூளகிரி பக்கம் 44-ம் எண் நெடுஞ்சாலையில் இறங்கும்போது, அரையடி இழுப்பும் ஆபத்தில் முடியலாம். புஷ்ஷின் விலை ஒரு டயர் விலையில் சிறு பங்குதான். ஆனால், தேய்ந்த புஷ்ஷோடு ஓட்டினால் டயரும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

புஷ்தான் குற்றவாளியா?

வண்டி இழுக்கிறது என்றதும் புஷ் வாங்க ஓட வேண்டாம். பிரேக் சிலிண்டர் கசிவு, ஒரு பக்கம் காற்றுக் குறைவு, உடைந்த சென்டர் போல்ட் ஆகியவையும் இதே தொல்லையைக் கொடுக்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் இருக்கின்றன.

முதலாவது, சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளவு நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. அப்போது சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் புஷ் மீதுதான்.

இரண்டாவது, சேஸிஸுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, பட்டையின் கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையில் சிறிய கடப்பாரையை வைத்து நெம்புங்கள். நல்ல புஷ் சிறிது அமுங்கித் திரும்பும். 'டொக்' என்று சத்தத்தோடு நகர்ந்தால் அது முடிந்துபோன புஷ்.

மூன்றாவது, போல்ட் புஷ்ஷின் நடுவில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் இரும்புக் குழலை விட்டுப் பிரிந்திருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். மேல்தோலில் மட்டும் மெல்லிய கோடுகள் இருந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் படும் ரப்பரில் அப்படி வருவது வழக்கம். வெடிப்பு ஆழமாக இறங்கியிருந்தால்தான் ஆபத்து. பல வருடங்கள் நின்ற வண்டியில் புஷ் தேய்ந்திருக்காது. ஆனால், ஒரே நிலையில் பாரம் தாங்கி இறுகிப் போயிருக்கும். அதனால், ஓடாத வண்டியின் புஷ் புதிது போலத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

மூன்று பொருள்கள், மூன்று குணங்கள்

ரப்பர்: கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பர்தான் இந்த வேலைக்கு இன்றும் முதன்மையான மூலப்பொருள். அதை அப்படியே பயன்படுத்த முடியாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தி, கரித்தூள் கலந்து உறுதியாக்குகிறார்கள். இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் உள்ளமைப்பு ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. அதனால், ஒரு சிறு கீறல் விழுந்தாலும் அது சட்டென்று பரவுவதில்லை. லட்சக்கணக்கான முறை முறுங்கித் திரும்பும் இடத்தில் இந்தக் குணத்துக்கு மதிப்பு அதிகம். பலவீனம் ஒன்று உண்டு. பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவை பட்டால் ஊறி, உப்பி, மென்மையாகிவிடும். 'சத்தம் வருகிறது, கொஞ்சம் கழிவு ஆயில் அடி' என்று செய்வது புஷ்ஷைக் கொல்லும் வேலை. அன்று சத்தம் நிற்கும். சில மாதங்களில் புஷ்ஷே போய்விடும்.

பாலியூரித்தேன்: மஞ்சள், சிவப்பு நிறங்களில் வரும் இந்த புஷ், ரப்பரைவிடக் கடினமானது. கடினத்தை 'ஷோர் ஏ' என்ற அளவில் சொல்வார்கள். ரப்பர் புஷ் பெரும்பாலும் 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரித்தேன் ஏறத்தாழ 75 முதல் 95 வரை போகும். எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும், சீக்கிரம் நசுங்காது, ஸ்டீயரிங் இறுக்கமாக, துல்லியமாக இருக்கும். பந்தய வண்டி, மலைப்பாதை ஜீப் ஓட்டுபவர்கள் இதை விரும்பக் காரணம் அதுதான். ஆனால், இது ரப்பர் போல முறுங்காது. உள்குழலின் மீது சுழலும். சுழலும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். அது உலர்ந்தாலோ, தேன்கனிக்கோட்டை பக்கத்துச் செம்மண் புழுதி உள்ளே போனாலோ 'கீச் கீச்' என்று கத்தும், குழலையும் தேய்க்கும். அதிர்வை விழுங்காமல் சேஸிஸுக்கும் பாடிக்கும் அனுப்பும். பழைய ஜீப்பின் துருப்பிடித்த தகடும் வெல்டிங்கும் அந்த அதிர்வை எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பெட்டியில் உள்ள பழுத்த தக்காளிக்கும் அது நல்லதல்ல.

நைலானும் உலோகமும்: லேத்தில் நைலான் கம்பியைக் கடைந்து புஷ் செய்வது சுலபம். ஓசூரைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை என்பதால், இந்த யோசனை இங்கே அடிக்கடி வரும். நைலான் முறுங்காது, அமுங்காது. பள்ளத்தில் இறங்கும்போது பட்டை நேராக மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் சிறிது திருகுகிறது. அதற்கு இடம் கொடுக்காத புஷ், பட்டையின் கண்ணையோ, ஷாக்கிளையோ, போல்ட்டையோ உடைக்கப் பார்க்கும். சில பழைய வண்டிகளிலும், கனரக வண்டிகளிலும் கிரீஸ் நிப்பிளோடு உலோக புஷ் வருவது உண்மைதான். அவை அந்த முறைக்கென்றே செய்த பின்னோடு வருபவை. அங்கே உலோக புஷ்தான் சரி. தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். ரப்பர் இருந்த இடத்தில் உலோகமோ, உலோகம் இருந்த இடத்தில் ரப்பரோ மாற்றிப் போடக் கூடாது.

மகனின் விருப்பத்தையும் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. கமான் பட்டையின் கண்ணில் பாலியூரித்தேன் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வண்டி கெட்டுவிடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கும் பொறுமையும், அதிர்வைச் சகிக்கும் முதுகும் இருந்தால் போடலாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரப்பர், மறுபக்கம் பாலியூரித்தேன் என்று மட்டும் கலக்கக் கூடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு கமான் பட்டைக்குப் பொதுவாக மூன்று இடங்களில் புஷ் இருக்கும். பிணைந்த முனையில் ஒன்று. ஷாக்கிள் பக்கம் பட்டையின் கண்ணில் ஒன்று. சேஸிஸ் தாங்கியில் ஒன்று. நான்கு பட்டைக்கு 12 இடங்கள். இரண்டு பாதியாக வரும் வகை என்றால் 24 துண்டுகள். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், உங்கள் வண்டியில் எண்ணிப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய புஷ் ஒன்றையும் போல்ட்டையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

மகனிடம் வெர்னியர் காலிப்பர் இருந்தால் நான்கு அளவுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பட்டைக் கண்ணின் உள்விட்டம், போல்ட்டின் விட்டம், உள்குழலின் நீளம், தாங்கியின் இரு காதுகளுக்கு இடையே உள்ள தூரம். குழல் உள்ள புஷ்ஷில், உள்குழல் ரப்பரைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை முறுக்கும்போது காதுகள் குழலைப் பிடிக்கும். ரப்பர் வெளியே தள்ளி நின்றால் அது உரசித் தேயும்.

ஓசூர், கிருஷ்ணகிரிக் கடைகளில் கிடைக்காத அளவு, பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ பெரும்பாலும் கிடைத்துவிடும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களும் விற்பார்கள். ஷாக்கிள், தாங்கி போன்ற இரும்புப் பாகங்களைப் பார்த்து வாங்கலாம். கழற்றிய ரப்பர் புஷ்ஷை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதி. ரப்பர் வாங்கும்போது அந்த மாதத்தையும் ஆண்டையும் தவறாமல் பாருங்கள். விதைப் பையில் காலாவதி பார்ப்பது போலத்தான். அலமாரியிலேயே பல ஆண்டுகள் கிடந்த ரப்பர், வண்டியில் ஏறும் முன்பே கிழவனாகிவிடும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே திரும்ப வேண்டும். தூள் உதிர்ந்தாலோ, ஓரம் பிய்ந்தாலோ, குழலும் ரப்பரும் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். பழைய டயரை வெட்டிச் செய்த புஷ்களும் சந்தையில் உண்டு. அவற்றில் நூல் இழைகள் தெரியும். பில் வாங்க மறக்காதீர்கள்; அளவு சேராவிட்டால் மாற்ற அதுதான் கைகொடுக்கும்.

மாட்டும் முறைதான் ஆயுள்

பழைய புஷ்ஷை எடுக்க, பட்டைக் கண்ணில் தீ வைத்து ரப்பரை எரிப்பது பல பட்டறைகளில் வழக்கம். இதைச் செய்ய விடாதீர்கள். அதிகச் சூடு பட்டால் பட்டையின் பதம் போய்விடும். அந்த இடத்தில் பின்னால் உடையலாம். புகையும் விஷம். டேங்க் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில் அழுத்தி எடுப்பதே முறை. கண்ணில் வெளிக்குழல் மட்டும் மாட்டிக்கொண்டால், ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு, பட்டையில் கீறல் விழாமல் அறுத்து எடுக்கலாம்.

நான்கு பட்டையையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாகச் செய்தால் அச்சு இடம் மாறாது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. சேஸிஸுக்கு ஸ்டாண்ட், அச்சுக்குத் தனியாக ஜாக்கி என்று இரண்டு தாங்கல் வேண்டும். புது புஷ் உள்ளே போக மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சுத்தியலால் நேரடியாக அடிக்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான இடம். வண்டி ஸ்டாண்டின் மீது தொங்கும்போது போல்ட்டை முழுவதும் முறுக்கிவிடக் கூடாது. அப்படி முறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுங்கிக்கொண்டு, நிற்கும்போதும் ஓடும்போதும் ஓய்வே இல்லாமல் இழுபட்டுக் கிடக்கும். ஒரு பள்ளத்தில் இன்னும் அதிகமாக முறுங்கும்போது கிழிந்துவிடும். 'போன வருடம்தான் மாற்றினேன், அதற்குள் போய்விட்டது' என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். பழி கடைக்காரர் மேல் விழும்.

சரியான முறை எளிது. போல்ட்டுகளை மாட்டி, நட்டைக் கையளவில் மட்டும் இறுக்குங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரைப் பிடித்து நான்கைந்து முறை அழுத்தி ஆட்டுங்கள். பட்டைகள் தம் இயல்பு நிலைக்கு வந்து உட்காரும். அதன் பிறகு, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். லாக் நட், காட்டர் பின் இருக்கும் இடங்களில் புதிது போடுங்கள். யூ போல்ட்டைக் கழற்றியிருந்தால், சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, முதல் ஓட்டத்தை ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் காலி வண்டியோடு செய்யுங்கள். குறைந்த வேகத்தில் பிரேக் பிடித்து, இழுக்கவில்லை என்று உறுதியான பிறகே பாரம் ஏற்றலாம்.

துணைக் கேள்விகள்

''ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாமா?''

கூடாது. ஓர் அச்சில் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பணம் குறைவாக இருந்தால் இந்த மாதம் முன் அச்சு, அடுத்த மாதம் பின் அச்சு என்று பிரித்துச் செய்யலாம்.

''எங்களிடம் மாருதி 800 இருக்கிறது. அதற்கும் இதே விதிதானா?''

மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. எண்ணிக்கையில் நிறைய ஓடியவை என்பதால், புஷ்களுக்கு இன்னும் பெரிய தட்டுப்பாடு இல்லை. கார்களின் லோயர் ஆர்ம் புஷ் ஒரே திசையில் மட்டும் அசைவதில்லை. அதனால், அங்கே ரப்பரைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள். கழற்றும் முன், எந்தத் திசையில் இருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே திசையில் பொருத்த வேண்டும். தரையில் இறக்கி முறுக்கும் விதி இவற்றுக்கும் பொருந்தும்.

''புஷ் மாற்றும்போதே ஷாக்கிளை நீளமாக்கி வண்டியை உயர்த்தலாமா?''

தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் அதே அளவு புஷ் போடுவது பழுதுபார்ப்புதான். வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. தவிர, உயரம் கூடினால் திருப்பத்தில் வண்டி சாயும் ஆபத்தும் கூடும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாலையில் இறக்கும் முன், ஜீப்பின் பதிவு, இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். பல வருடங்கள் நின்ற வண்டியில் இவை காலாவதியாகியிருக்க வாய்ப்பு அதிகம்.